முத்திரையிட்ட மனசு

எபிநேசரிடம் இரண்டு கைபேசிகள் இருந்தன. சட்டைப் பையில் இருந்தது அவருடையது. கால்சட்டைப் பையில் இருந்தது மௌனிகாவுடையது. தன்னுடையது அடித்தால் சாவகாசமாகத்தான் எடுப்பார். பாதி நேரம் எடுக்கவே மாட்டார், அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. மௌனிகாவுடையது அடித்தால் மட்டும் வாயில் இருக்கும் டீயை விழுங்கியும் விழுங்காமலும் எடுத்துவிடுவார். அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

அன்று காலை தரமணி அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் அவர் டம்ளரைக் கையில் வாங்கிய நேரம், கால்சட்டைப் பை அதிர்ந்தது. காங்கேயத்திலிருந்து பிரணவ். மௌனிகாவின் அண்ணன்.

"சார், நான் பிரணவ் பேசறனுங்க."

"சொல்லுங்க தம்பி. ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"இல்லீங்க சார். அப்பாவுக்கு ரொம்ப முடியலீங்க. நாலு நாளா ஆஸ்பத்திரியிலதான் வெச்சிருக்கறம். நுரையீரல் பூரா தண்ணி கோத்துக்கிச்சுங்க. இனி எங்க கையில இல்லீங்கன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. பாப்பாவைப் பாக்கோணும், பாப்பாவைப் பாக்கோணும்னு அதையேதான் சொல்லீட்டுக் கெடக்கறாருங்க. அவகிட்டச் சொல்லி உடனே அனுப்பி வெச்சீங்கன்னா..."

"சொல்றேன் தம்பி."

குரலில் ஒரு பிசிறு இல்லை. அந்த விஷயத்தில் எபிநேசருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எப்பேர்ப்பட்ட செய்தியானாலும் அவர் குரல் கோணாது. முகத்தைப் பற்றி அவர் யோசித்ததே கிடையாது.

"போன தடவை அத்தை செத்தப்பவும் நீங்க இதேதானுங்க சார் சொன்னீங்க," என்றான் பிரணவ். "அத்தைக்குப் பரவால்லீங்க. இது அப்பாங்க."

டீ ஆறிப் போயிருந்தது. அப்படியே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தார்.

மௌனிகா யார் என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது என்று இந்த மாநிலத்தில் சட்டப்படி சொல்லத் தகுதி பெற்ற ஒரே உடம்பு அவளுடையது. மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் எடைக்கல்லுக்கு அரசாங்கம் முத்திரை அடித்துக் கொடுப்பதில்லையா, அதுமாதிரி அவளுக்கும் அடித்திருந்தார்கள். சட்டத்தில் அவளுக்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் எடைக்கல் என்றுதான் சொல்வார்கள். எபிநேசர் அந்த எடைக்கல்லின் காப்பாளர். அதில் தூசி விழாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தூசி என்றால் கெட்ட செய்தி.

வாரியத் தலைவர் வசுந்தரா, எபிநேசர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வேட்டைக்காடு விளையாட்டை அளவெடுக்கிற நாள், எபிநேசர். பெங்களூர்லேருந்து கம்பெனிக்காரங்க வந்து கீழே உட்கார்ந்திருக்காங்க."

"தெரியும் மேடம். அது மதியத்தோட முடிஞ்சிடும். முடிஞ்சதும் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடறேன். நாளைக்கு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்."

"திரும்பி வர்றது அதே மௌனிகாவா இருப்பாளா?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எபிநேசருக்குத் தெரியும். இதற்கு முன்னால் மதுரைக்காரர் ஒருவர் எடைக்கல்லாக இருந்தார். தங்கமான மனிதர். மச்சான் சாவுக்கு ஊருக்குப் போனார், காரியம் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் தலை உருண்டுகொண்டிருக்க அவர் வேர்க்கடலை உரித்துத் தின்றார். அந்த ஆண்டு வந்த விளையாட்டுகளெல்லாம் பச்சைக் குழந்தைகளுக்கும் ஆகும் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயின. அதன்பிறகுதான் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவைச் சேர்த்தார்கள். பணியில் இருக்கும் வரைக்கும் எடைக்கல்லின் காதில் மரணம், விபத்து, நோய், பிரிவு என்று எதுவும் விழக்கூடாது.

"எனக்கும் அப்பா இருந்தார் எபிநேசர். நான் ஒண்ணும் கல்லு இல்லை," என்றார் வசுந்தரா. "என் அக்கா பையன் ஒரு மாசம் தூங்கலை. கண்ணை மூடினா விளையாட்டுல வர்ற ஆள் கட்டிலுக்கு அடியில வந்து படுத்துக்கறான்னு சொல்லுவான். எட்டு வயசு. அவனைப் பார்த்துத்தான் நான் இந்தச் சட்டத்துக்காக அலைய ஆரம்பிச்சேன். இப்ப எடைக்கல் கெட்டுப் போச்சுன்னு ஒருத்தன் கோர்ட்டுல நின்னான்னா, இன்னொரு ஆளைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் அத்தனை கடையும் திறந்துதான் கிடக்கும்."

"அவர் போயிட்டார்னா மேடம்?"

"போயிட்டார்னா அப்பவும் சொல்ல முடியாதே. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு." அவர் குரல் இறங்கியது. "முடிஞ்சதும் எல்லாத்தையும் மொத்தமாச் சொல்லிடலாம்."

மொத்தமாக! எபிநேசர் மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்தார். அத்தை. கூடப் படித்த பெண்ணின் விபத்து. வீட்டில் வளர்ந்த நாய். இப்போது அப்பா. மொத்தமாகச் சொல்வதற்கு நிறையவே சேர்ந்திருந்தது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்தச் சரியை அவர் வாயே சொன்னது, பழகிப்போன வாய்.

கீழே கம்பெனி ஆள் ஷ்யாம்கிஷோர் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார். விலை கூடிய சட்டை. முகத்தில் பரீட்சை எழுத வந்த களை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "இவ்ளோ பெரிய விஷயத்துக்கு ஏன் சார் ஒரே ஒரு ஆளு? ஒரு கமிட்டி போடக்கூடாதா?"

"போட்டாங்களே. முதல்ல கமிட்டிதான் இருந்துச்சு. உங்க ஆளுங்க கோர்ட்டுக்குப் போய், எந்த உறுப்பினர் பயந்தார், எவ்வளவு பயந்தார், நிரூபிக்கச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. அவங்களால நிரூபிக்க முடியலை."

"சரி, மெஷினை வெச்சுப் பார்க்கலாமில்ல?"

"அதையும் வெச்சாங்க. நீங்க மெஷினுக்குத் தெரியாம ரத்தத்தை நீலமா மாத்திட்டீங்க. அதுவும் ஏதோ தண்ணின்னு நினைச்சு விட்டுடுச்சு." எபிநேசருக்குப் பேசப் பேசக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "உடம்பை ஏமாத்த முடியாதுன்னுதான் கடைசியில ஆளை வெச்சாங்க. மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டியிருக்கும். மனசுல பதைப்பு வந்தா விளக்கு சிவப்பாகும். இல்லேன்னா பச்சை."

"அழுதா?"

"அழுகையெல்லாம் அது அளக்காது. சோகப்படம் பார்த்துக் குழந்தைங்க அழுதா ஒண்ணும் ஆயிடாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. பதைப்பு மட்டும்தான்."

ஷ்யாம்கிஷோர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "அப்ப இதைச் சொல்லுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்களோட பூ கட்டுற விளையாட்டு ஒண்ணு வந்துச்சு. மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, அவ்வளவுதான். அதுக்குப் பதினெட்டு குடுத்தீங்க. போன வருஷம் வேறொரு கம்பெனியோடது, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் வெட்டு, குத்து. அதுக்கு ஏழு வயசு குடுத்தீங்க. எங்க ஆபீஸ்ல இதை ஆராய்ச்சி பண்ணவே தனியா ஆள் போட்டிருக்கோம் சார். தலையும் புரியலை வாலும் புரியலை."

"பூவை நூல்ல நெரிக்கிறதுல ஆழமான ஒரு வன்முறை இருக்குன்னு பேராசிரியர் ஒருத்தர் எழுதினாரே, படிக்கலையா?"

"படிச்சேன். அன்னியிலேருந்து எங்கம்மா பூ கட்டும்போது நான் அந்தப் பக்கம் போறதில்லை."

எபிநேசருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து அளவு அறைக்குப் போனார்.

அளவு அறை சின்னது. ஒரு திரை, ஒரு நாற்காலி. திரைக்குப் பக்கத்திலேயே கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் காப்பாளரின் நாற்காலி. தனியறையில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற பயமும் விளையாட்டின் பயமும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்காக, தெரிந்த முகம் ஒன்று எடைக்கல்லின் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்து எழுதியிருந்தார்கள். ரொம்ப யோசித்திருந்தார்கள் பாவம்.

மௌனிகா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. காங்கேயத்தில் தேங்காய் நார் ஆலைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளை, ஆயிரக்கணக்கான பேரைச் சோதித்துவிட்டுக் கண்டுபிடித்தார்கள். ரொம்பவும் கெட்டியில்லாத, ரொம்பவும் இளகியும் போகாத மனசு. நல்ல சம்பளம், அலுவலகத்துக்குப் பின்னாலேயே வீடு, வாசலில் காகிதப்பூச் செடி, தொலைக்காட்சியில் சமையலும் கிரிக்கெட்டும். கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற ஆட்டங்களை மட்டும் காட்ட மாட்டார்கள்.

எபிநேசர் வழக்கம்போல ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளைகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அளவெடுக்கும் முன் ஒரு பழம் என்பது அவர் ஏற்படுத்திய பழக்கம்.

"இன்னிக்கு நார் எடுக்கலீங்களா சார்?" என்றாள் மௌனிகா.

தட்டைப் பார்த்தார். வெள்ளை நார் சுளைக்குச் சுளை ஒட்டிக்கொண்டிருந்தது. "அவசரம்மா. கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க."

அவள் மணிக்கட்டில் விளக்கு சட்டென்று சிவந்து, மெல்லப் பச்சைக்குத் திரும்பியது. எபிநேசர் உச்சுக் கொட்டினார். அளவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் சிவப்பா! இந்தப் பட்டை இப்படித்தான். அவர் மௌனிகாவின் கைபேசியோடு வரும்போதோ பேச ஆரம்பிக்கும்போதோ அவ்வப்போது காரணமில்லாமல் சிவக்கும். ரிப்பேர் பிரிவுக்கு இரண்டு தடவை அனுப்பிவிட்டார். ஒரு பழுதும் இல்லை என்று சொல்லி இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். பின்வரிசையில் வசுந்தராவும் ஷ்யாம்கிஷோரும். விளக்குகள் அணைந்தன.

வேட்டைக்காடு அழகாகத்தான் ஆரம்பித்தது. விடிகாலைக் குளம். தண்ணீரில் பனி. ஒரு படகுக்காரன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துடுப்புப் போட்டான். வாத்துகள் வரிசையாக நீந்தி வந்தன. எபிநேசர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, அவருக்குத் தெரிந்தது காங்கேயத்து ஆஸ்பத்திரிக் கட்டில்தான். வெள்ளிங்கிரி என்ற அந்த மனிதரை அவர் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார், மகளை வேலையில் சேர்க்க வந்தபோது. "புள்ளைய உங்களை நம்பித்தானுங்க உட்டுட்டுப் போறன்," என்று சொல்லி, ஒரு டின் தேங்காயெண்ணெயைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்த எண்ணெயில் அவர் வீட்டில் மூன்று மாதம் சமைத்தார்கள்.

"வாத்து!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது.

விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த அளவுமானியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது.

"மேடம், வாத்து மேடம்! வெறும் வாத்து! இன்னும் ஒண்ணுமே நடக்கலை!" ஷ்யாம்கிஷோர் எழுந்தே விட்டார்.

"உட்காருங்க. அளவு நடந்துட்டிருக்கு," என்றார் வசுந்தரா.

பிறகு காடு வந்தது, வேட்டை வந்தது, பார்க்கக் கூடாததெல்லாம் வந்தது. முள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடைசிக் கோட்டிலேயே நின்றது. முடிந்ததும் வசுந்தரா நிம்மதியாக மூச்சு விட்டார். "பின்னால வரப்போறது அவ மனசுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு பாருங்க. இதுக்குத்தான் மனுஷ உடம்பு வேணுங்கறது. பதினெட்டு."

ஷ்யாம்கிஷோர் தலையில் கை வைத்துக்கொண்டு, "வாத்தைத் தூக்கிட்டா பதினஞ்சாச்சும் கிடைக்குமா மேடம்?" என்று கேட்டார்.

மௌனிகா எழுந்து தட்டைக் கொண்டுவந்து எபிநேசரிடம் கொடுத்தாள். நாரோடு எல்லாச் சுளையையும் தின்றிருந்தாள். "பழம் நல்லா இருந்துச்சுங்க சார்," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கால்சட்டைப் பையில் கைபேசி மறுபடி அதிர்ந்தது. எபிநேசர் அதை எடுக்கவில்லை. வேலையில் சேர்ந்த இந்த நான்கு வருடங்களில் முதல் தடவையாக, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். எடுத்தால் மறுபடியும் சொல்றேன் தம்பி என்று தன் வாய் சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது. அவருக்கே தன்னைப் பார்த்து அருவருப்பாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் போயிற்று. சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு மேல் எழுந்து பின்பக்க வீட்டுக்குப் போனார். மௌனிகா காகிதப்பூச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"உட்காரும்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

அவள் குழாயை மூடினாள். உட்காரவில்லை.

"அப்பாங்களா சார்?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதானுங்க."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"காலையில. நார் எடுக்காம பழம் குடுத்தீங்களே, அப்பவே தெரியுமுங்க. அண்ணனா அப்பாவான்னு மட்டும் தெரியல. இப்ப நீங்க நடந்து வந்ததைப் பாத்தப்பத் தெரிஞ்சு போச்சு." அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கறாருங்களா?"

"இருக்காரும்மா. ஆஸ்பத்திரியில. உன்னைப் பார்க்கணும்னு சொல்றார். நாம இப்பவே கிளம்பறோம்."

அவள் உள்ளே ஓடி ஒரு பையை எடுத்து வந்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த பை. அளவு முடிந்து வந்ததுமே மடித்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எபிநேசருக்குக் கண் கலங்கியது.

கார் தாம்பரம் தாண்டியது. பிறகு அவர்தான் கேட்டார்.

"அத்தை விஷயமும் தெரியுமா?"

"யாருன்னு தெரியாதுங்க. யாரோ போயிட்டாங்கன்னு தெரியும். அந்தப் பூக் கட்டற விளையாட்டு வந்துச்சே, அன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் உக்காந்துட்டு மூக்குக்கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் தொடைச்சீங்க. பூ கண்ணுக்கே தெரியலீங்க எனக்கு. யாரு, யாருன்னு அதேதான். அதுதானுங்க சார் கொடுமை. யாருன்னு தெரியாததுனால, ஒவ்வொருக்காவும் எல்லாத்தையும் மனசுக்குள்ள ஒருக்காச் சாகடிச்சுப் பாப்பன். அப்பா, அண்ணன், அண்ணி, அவங்க கொழந்தைக. ஒரே ஒரு ஆளைச் சொல்லியிருந்தீங்கன்னா மத்தவங்கெல்லாம் பொழைச்சிருப்பாங்க."

எபிநேசர் வேகத்தைக் குறைத்தார். ஏதோ ஒன்று மெல்ல உறைக்க ஆரம்பித்திருந்தது.

"அப்போ திரையைப் பார்க்கறதே இல்லையா நீ?"

"மொத வருசம் பாத்தனுங்க. அப்பறம் உங்க மூஞ்சியப் பாக்கவே நேரம் செரியாப் போச்சு."

"அந்த வெட்டுக் குத்து விளையாட்டு? ஏழு வயசு குடுத்தோமே?"

"அது எனக்கு ஞாபகமே இல்லீங்க சார். அன்னிக்கு நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. வாயெல்லாம் பல்லு."

மகளுக்கு வேலை கிடைத்த வாரம் அது. எபிநேசர் காரை ஓரமாக நிறுத்தினார். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, மௌனிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இந்த மாநிலத்துக் குழந்தைங்களுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு இத்தனை நாளா முடிவு பண்ணினது என் மூஞ்சியா?"

"ஆமாங்க சார்," என்றாள் அவள். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா உங்களை மாத்திப்போடுவாங்க. பொய் சொல்லத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரக் கொண்டாந்து அந்தச் சேர்ல உக்கார வெச்சுருவாங்க. அப்பறம் ஊர்ல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

எபிநேசர் காரை மறுபடி சாலைக்கு ஏற்றினார்.

"பதினெட்டு வயசுக்கு மேல ஆனவங்க பாக்கலாம்னு ஊருக்கெல்லாம் சீட்டு ஒட்டறமுங்க," என்றாள் மௌனிகா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "எனக்கு இருபத்தொம்பது ஆகுது. எனக்கு யாரும் ஒட்டலையே சார்."

செங்கல்பட்டு தாண்டியதும் அவருடைய கைபேசி அடித்தது. வசுந்தரா. இந்தத் தடவை உடனே எடுத்தார்.

"எங்க இருக்கீங்க எபிநேசர்? வீடு பூட்டியிருக்கு!"

"எடைக்கல் ஊருக்குப் போயிட்டிருக்கு மேடம்."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வேட்டைக்காடு கம்பெனி இதைக் கேள்விப்பட்டா..."

"மேடம், இன்னிக்கு முள்ளு ஏறினது வாத்தைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து."

சொல்லி முடித்தார். நடுவில் நிறுத்தாமல், மழுப்பாமல், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பு லேசானது.

"பூ கட்டுற விளையாட்டு?" என்றார் வசுந்தரா கடைசியில்.

"அவங்க அத்தை."

"ஐயோ. அந்தப் பேராசிரியர் அதை வெச்சுப் புத்தகமே போட்டுட்டாரே." பிறகு வேறொரு குரலில், தலைவராக இல்லாமல் யாரோ ஒரு பையனின் சித்தியாக, "அப்போ குழந்தைங்களை என்ன எபிநேசர் பண்றது?" என்று கேட்டார்.

"தெரியலை மேடம்."

மௌனிகா கை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். "மேடம், நான் திரும்பி வர்றனுங்க. அப்பாவைப் பாத்துப்போட்டு வர்றன். மறுக்கா உக்கார வெச்சுப் பாருங்க. ஆனா எங்கிட்ட ஒண்ணும் ஒளிக்கக் கூடாதுங்க. அப்பத்தானுங்க நெசமாவே எது பயம்னு எனக்கே தெரியும்."

வசுந்தரா, "பார்த்துப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. எபிநேசரின் கால்சட்டைப் பை அதிர்ந்தது. கை பழக்கத்தில் உள்ளே போனது, எடுத்தது, பொத்தானை அழுத்தவும் பார்த்தது. அப்படியே நின்றார். பிறகு அடித்துக்கொண்டிருந்த கைபேசியை, அடிக்க அடிக்க, அதன் சொந்தக்காரியிடம் நீட்டினார்.

"அண்ணா," என்றாள் மௌனிகா.

பிரணவின் குரல் கார் முழுக்கக் கேட்டது. "பாப்பா, மூச்சு இழுத்துட்டிருக்குது. காதுல வெக்கறன். பேசு, பேசு."

"அப்பா, நானுங்கப்பா. பாப்பா. வந்துட்டே இருக்கறனுங்கப்பா. உளுந்தூர்பேட்டை வந்தாச்சு. எங்க சாரு கூட்டிட்டு வர்றாரு. அவரே வண்டி ஓட்டறாருங்கப்பா. நான் நல்லா இருக்கறன். தெனமும் பழம் எல்லாம் குடுக்கறாங்க..." அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். வீட்டு வாசலில் காகிதப்பூ பூத்ததைச் சொன்னாள். வாத்து வந்த விளையாட்டைச் சொன்னாள். பின்னாலிருந்த லாரி ஒலிப்பானை அடித்து அடித்து ஓய்ந்து, பக்கத்து வரிசைக்கு மாறிப் போயிற்று.

பிறகு பேசாமல் கேட்டாள். செரிண்ணா என்றாள். கைபேசியை மடியில் வைத்தாள்.

எபிநேசர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்ட அடிக்கு, அந்தப் பட்டையை அவர் கையில் கட்டியிருந்தால் எரிந்தே போயிருக்கும். எத்தனை உற்றுப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் படித்த பாடத்தை அவர் படித்ததில்லை.

"அப்பா போயிட்டாருங்க சார்," என்றாள் மௌனிகா.

காலையில் டீக்கடையிலிருந்தே நேரே அவளிடம் போயிருந்தால், இந்நேரம் அவள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதும் தெரியும். "என்னை மன்னிச்சிடும்மா," என்று சொன்னபோது அவர் குரல் முழுக்கப் பிசிறாக இருந்தது.

மௌனிகா முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, அடக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லாமல் அழுதாள். எபிநேசர் காரைச் சாவடி தாண்டிக் கொண்டுபோய்ச் சேலம் சாலையில் திருப்பினார். அவிழ்க்க மறந்த பட்டை அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. அவ்வளவு அழுகைக்கும் அதன் விளக்கு ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. காங்கேயம் வரைக்கும் பச்சையாகவே எரிந்தது. ரிப்பேர் பிரிவில் சொன்னது சரிதான், அதில் ஒரு பழுதும் இருந்ததில்லை.